இரைச்சலை ஒலி என்று எழுதலாமா?

ஒகினாவா பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஜப்பானின் அந்தத் தீவில் உள்ள கதேனா அமெரிக்க விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்குகளைப் பற்றிய கட்டுரை. முதல் பக்கத்திலேயே ‘கதேனா ஒலி மாசு வழக்கு’. அடுத்த பக்கத்தில் ‘விமான ஒலியால் தூக்கம் கெட்ட மக்கள்’. அப்புறம் ‘ஒலிக் குறியீடு’. செய்தித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் இந்த ‘ஒலி மாசு’வை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

வேரை மட்டும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இங்கே ‘ஒலி’ என்று பெயர்க்கப்படும் ஆங்கிலத்து ‘நாய்ஸ்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே சண்டை, அமளி என்று பொருள். அதற்கும் முந்தைய வேராகப் பலரும் காட்டுவது லத்தீன் ‘நாசியா’, அதாவது கப்பல் பயணத்தில் வரும் குமட்டல். தொந்தரவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் ‘இரை’ என்பது வினை. கடல் இரையும், மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். அதிலிருந்து வந்தது இரைச்சல். ‘ஒலி’ அப்படிப்பட்டதில்லை. கோயில் மணியும் ஒலிதான், குழந்தையின் சிரிப்பும் ஒலிதான், வானொலியில் இருப்பதும் அதே ஒலிதான். நல்லது கெட்டது எதையும் அது சொல்லாது.

சரி, பக்கத்தில் ‘மாசு’ இருக்கிறதே, கெட்டது என்று அது சொல்லிவிடாதா என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கலே. நீர் மாசு என்றால் நீர் கெட்டிருக்கிறது. காற்று மாசு என்றால் காற்று கெட்டிருக்கிறது. அதே வரிசையில் ஒலி மாசு என்றால் ஒலி கெட்டிருக்கிறது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். அப்பர் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்று பாடினார். மாசில்லாத வீணை என்றால் நாதத்தில் குறையில்லாத வீணை. அப்படியானால் ஒலியில் மாசு என்பது நரம்பு தளர்ந்த வீணைக்குப் பொருந்தும், தலைக்கு மேல் போகும் எஃப்-15 விமானத்துக்குப் பொருந்தாது. அங்கே அழுக்காவது ஒலி இல்லை. அந்த விமானத்தின் இரைச்சல்தான் ஊர்மேல் வந்து விழும் அழுக்கு. எது கெடுக்கிறது, எது கெடுகிறது என்பதையே தலைகீழாக்கிவிடும் ஒரு சொல்லை அறிவியல் சொல் என்று எப்படி ஏற்பது?

ஜப்பானியர்கள் இதை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஒன்’ என்றால் ஒலி. இரைச்சலுக்கு அவர்கள் வெறும் ‘ஒன்’ எழுதுவதில்லை. அமளியைக் குறிக்கும் எழுத்தை முன்னால் சேர்த்து ‘சோஒன்’ என்கிறார்கள். கதேனா மக்களுக்கு அதுவும் போதவில்லை. 1982-இல் தொடுத்த முதல் வழக்கிலிருந்தே ‘பகுஒன்’ வழக்கு என்றுதான் பெயர். ‘பகு’ என்றால் வெடிப்பது. காதருகே வெடிக்கும் பேரிரைச்சல் என்பது அவர்கள் முறையீடு, அதுவே வழக்கின் பெயர். நம் மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருப்பதை உதறிவிட்டு ‘ஒன்’னை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்.

‘ஒலிக் குறியீடு’ என்று அவர் எழுதியதன் கதை இன்னும் மோசம். விமான இரைச்சலை அளக்க ஜப்பானில் 2013 வரை இருந்த அளவீட்டுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. மக்கள் வழக்கில் அது ‘உருசாசா ஷிசூ’. ‘ஷிசூ’ என்றால் சுட்டெண். ‘உருசாசா’, வீட்டில் கத்தும் பிள்ளையைப் பார்த்து ஜப்பானியர் ‘உருசாய்!’ (ஒரே இரைச்சல்!) என்று அதட்டும் சொல்லிலிருந்து வந்தது. அதன் கணக்கைப் பாருங்கள்: மாலை 7 மணிக்கு மேல் போகும் ஒரு விமானம் மூன்றாகக் கணக்காகும், இரவு 10 முதல் காலை 7 வரை போகும் ஒரு விமானம் பத்தாகக் கணக்காகும். டெசிபல் கருவிக்கு நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான், அது அளப்பது ஒலியை. இந்தக் கணக்கு பார்ப்பது தூங்குகிறவர் படும் பாட்டை. அது இரைச்சல் சுட்டெண் இல்லாமல் வேறென்ன? அந்த எண் 75-ஐத் தொட்ட பகுதிகளில் இருப்பவர்களுக்குத்தான் நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்தன. 2017 பிப்ரவரியில் சுமார் 22,000 பேருக்கு ஏறக்குறைய 3,020 கோடி யென் தரத் தீர்ப்பானது. ஆனால் இரவில் பறப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்கப் படையின் பறப்பைத் தடுக்கும் அதிகாரம் ஜப்பான் அரசுக்கு இல்லை என்பது காரணம். இரவு 10 முதல் காலை 6 வரை பறப்பதைக் குறைக்க 1996-இல் இரு அரசுகளும் உடன்பட்டன. ‘பணிக்குத் தேவை என்றால் தவிர’ என்ற விலக்கோடு.

‘இரைச்சல்’ பேச்சுச் சொல், அறிவியலுக்கு எடுபடாது என்பார்கள். மின்னணுவியல் எழுதுகிறவர்கள் குறிப்பலையில் (சிக்னலில்) கலக்கும் குப்பையை இரைச்சல் என்றே எழுதுகிறார்கள், யாருக்கும் குழப்பமில்லை. கடலிரைச்சல் இனிமையாயிற்றே என்றால், கடற்கரையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், குரலை உயர்த்தத்தான் வேண்டியிருக்கும். சட்டப் பெயரிலேயே இருக்கிறதே என்பதுதான் கொஞ்சம் கனமான வாதம். 2000-இல் நடுவண் அரசு கொண்டுவந்த விதிகள் தமிழில் ‘ஒலி மாசு’ விதிகளாகவே புழங்குகின்றன. விதியின் பெயரை அப்படியே எழுதட்டும். அதற்காகக் கட்டுரை முழுக்க அதையே பூச வேண்டுமா?

என் பெரியம்மா வீடு ஒரு விமானத் தளத்தை ஒட்டி இருக்கிறது. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கண்ணாடி கிறுகிறுக்கும். “இரு கண்ணு, இரைச்சல் போவட்டும்” என்பார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். அதற்கடியில் வாழ்கிறவர் தயங்காமல் சொல்லும் சொல்லை நாம் ஏன் கீழே போட்டோம்? அகராதியில் முதலில் வரும் சொல்லை எடுத்து ஒட்டும் வேகம்தான். கடையில் ‘ஒலி நீக்கும் ஹெட்போன்’ என்று விளம்பரம் வைக்கிறார்கள். ஒலியை நீக்கிவிட்டால் பாட்டு எங்கிருந்து கேட்கும்?

நண்பரின் கட்டுரையில் டெசிபல் வரும் இடங்களில் ‘ஒலி அளவு’ என்பதை அப்படியே விட்டேன், அது சரி. மற்ற இடங்களில் எல்லாம் இரைச்சல், இரைச்சல் கேடு, இரைச்சல் சுட்டெண். வழக்கின் பெயரை மட்டும் ‘கதேனா பேரிரைச்சல் வழக்கு’ என்று மாற்றி அனுப்பினேன்.