எண்ணிம இரட்டை: சொல் விளக்கம்

டிஜிட்டல் ட்வின், அதாவது எண்ணிம இரட்டை என்பது, நிஜமாக நிற்கும் ஒரு கட்டடத்துக்குக் கணினியில் இருக்கும் இணை. கட்டடத்தின் வெப்பநிலை, மின்செலவு, நீரோட்டம் எல்லாம் உணரிகள் (சென்சார்கள்) வழியாக அதற்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்து நின்றுபோனால் மிஞ்சுவது முப்பரிமாணப் படம்தான்.

சொல் கட்டடத் துறையில் பிறந்ததல்ல. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ், ஒரு பொருளின் ஆயுள் முழுவதையும் நிர்வகிப்பது பற்றிப் பேசும்போது இந்தக் கருத்தை முன்வைத்தார். நிஜப் பொருள், கணினியில் அதன் இணை, இரண்டுக்கும் நடுவே தகவல் போக்குவரத்து என்று மூன்று பகுதிகள். அப்போது அதற்கு வேறு பெயர். 'ட்வின்' என்ற பெயரை வைத்தவர் நாசாவின் ஜான் விக்கர்ஸ் என்கிறார் கிரீவ்ஸ். 2010 வாக்கில் நாசாவின் தொழில்நுட்பத் திட்ட அறிக்கையில் அது இடம்பெற்றது. அப்புறம்தான் கட்டடங்களுக்கு வந்தது.

இங்கே பெரிய குழப்பம் பிம் (BIM) மாதிரியோடுதான். பிம் என்பது சுவர், குழாய், கம்பி என ஒவ்வொன்றின் அளவையும் விவரத்தையும் சுமக்கும் கட்டடத் தகவல் மாதிரி. இரட்டைக்கு அது நல்ல அடித்தளம்; ஆனால் கட்டி முடித்த பிறகு கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒரு ஏசி காற்றுக் கையாளும் கருவியை எடுத்துக்கொள்வோம். குளிர்நீர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது என்கிறது கட்டுப்பாட்டுத் திரை. அப்படியானால் வெளிவரும் காற்று 14 டிகிரியில் இருக்க வேண்டும் என்று இரட்டை கணக்கிடுகிறது; உணரி 19 என்கிறது. வால்வு சிக்கியிருக்கலாம், குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள் அடைத்திருக்கலாம். அறையில் இருப்பவர் புழுக்கம் என்று புகார் சொல்வதற்கு முன்பே பராமரிப்பாளருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இரட்டையின் பயனே இதுதான்.

ஆய்வாளர்கள் இதில் இன்னொரு கோடும் போடுகிறார்கள். தகவலை ஆள் கையால் ஏற்றினால் மாதிரி. கட்டடத்திலிருந்து மட்டும் தானாக வந்தால் நிழல். கணினி இணையும் திரும்பக் கட்டடத்தை இயக்கினால்தான் இரட்டை. நடைமுறையில் பலரும் நிழலையே இரட்டை என்று விற்கிறார்கள். வாங்குபவர் கேட்டுத் தெளிவது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? டிஜிட்டல், விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணியதால் எண்ணைக் குறித்தது. தமிழில் 'எண்' என்பதிலிருந்து 'எண்ணிம' ஏற்கெனவே புழங்குகிறது. 'இலக்கமுறை'யும் தவறில்லை, பேசும்போது நீளுகிறது. 'நகல்' பொருந்தாது: எடுத்ததும் மூலத்தோடு அதன் உறவு முடிந்துவிடும். 'மெய்நிகர்' (வர்ச்சுவல்) வேறு கருத்து. ஆகவே 'எண்ணிம இரட்டை'யே என் தேர்வு. மனிதருக்குத்தான் இரட்டையர், கட்டடத்துக்கு இரட்டை, பன்மையில் இரட்டைகள். 'இந்த மருத்துவமனைக்கு எண்ணிம இரட்டை உண்டு', 'பாலத்தின் எண்ணிம இரட்டையில் அதிர்வைப் பார்த்தோம்' என்று எழுதலாம்.