பாட்டி சொன்ன கதையைத் திருத்தாதீர்கள்

போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "ஆன்ட்டி, எங்க பாட்டி சொன்ன கதையை டைப் பண்ணியிருக்கேன், காப்பகத்துல வச்சுக்குங்க" என்றார். நான்கு பக்கம், பிழையில்லாத தமிழ். ஒரு நெல்வயல், அங்கே ஒரு குட்டிச்சாத்தான், அதை விரட்டும் முனீஸ்வரன்.

கரும்புத் தோட்ட லைனில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த பாட்டிக்கு நெல்வயல் எங்கிருந்து வந்தது? விசாரித்தால், பாட்டி சொன்னது கரும்புக்காடாம். குட்டிச்சாத்தானும் இல்லை, டோக்கோலோஷி என்கிற குள்ளப் பேய். "அது ஜூலுக்காரங்களோடது ஆன்ட்டி, அதான் மாத்திட்டேன்." கட்டில் கால்களுக்கு அடியில் நான்கு செங்கல் என்று ஓரிடத்தில் வந்ததாம். ஏன் என்று புரியாததால் அதையும் எடுத்துவிட்டார். சரி, ஒலிப்பதிவு? போனில் இடமில்லை என்று அழித்தாயிற்று.

இந்த வருஷம் இப்படி வந்தது இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

"நம்ம தமிழ் உடைஞ்ச தமிழ், சரியான கதை இந்தியாவுலதான் இருக்கு" என்கிற நினைப்பை முதலில் விடுங்கள். வாய்மொழிக் கதையில் சரியான பிரதி என்று ஒன்று கிடையாது. வேலூரில் ஒருத்தி சொன்னதும் ஒரு வடிவம், இங்கே டொங்காட்டில் உங்கள் பாட்டி சொன்னதும் ஒரு வடிவம். எங்கள் நாட்டுப்புறவியல் துறையில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துத்தான் வைப்போம். குள்ளனான டோக்கோலோஷி எட்டிவிடக் கூடாது என்று கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைப்பது இந்த நாட்டு வழக்கம். நம் முனீஸ்வரன் அந்தக் கட்டிலுக்குக் காவல் நின்றான் என்றால், லைனில் தமிழரும் ஜூலுக்காரரும் ஒருவர் பயத்தை ஒருவர் அறிந்து வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். இதை எந்தப் பதிவேடு சொல்லும்? 1860இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் இந்த நட்டால் பகுதிக்கு 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பிலுள்ள தழும்பு வரை உண்டு. ராத்திரியில் பேசிய கதைக்கு அதில் இடமில்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சேகரிப்பில் குறை நிறைய. ஜெர்மன் மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக் 1870களில் கேப் டவுனில் கதை கேட்டது சிறைக் கைதிகளிடம். ஆனால் அவரும் அவர் மனைவியின் சகோதரி லூசி லாய்டும், காபோ என்ற முதியவர் சொன்னதை அவருடைய ஃகாம் என்ற சான் பழங்குடி மொழியிலேயே, தேதி போட்டு, அவர் பெயரோடு எழுதினார்கள். இன்று ஃகாம் பேச ஆளில்லை. அப்படியிருந்தும் 2000இல் நம் நாட்டுச் சின்னத்துக்கு அந்த மொழியில் வாசகம் எழுத முடிந்தது. பாதிரியார் ஹென்றி கால்லவே 1868இல் ஜூலுக் கதைகளை அச்சிட்டபோது ஒரு பத்தியில் ஜூலு, பக்கத்துப் பத்தியில் ஆங்கிலம் என்று வைத்தார். அந்நியர் செய்ததைப் பேரப்பிள்ளைகள் செய்ய மாட்டீர்களா?

பதியும்போது டிவியை அணையுங்கள். முதலில் தேதி, பாட்டி பெயர், பிறந்த தோட்டம், கதையை யாரிடம் கேட்டார் என்பதைப் பேசிப் பதியுங்கள். "அது அப்படியில்ல பாட்டி" என்று நடுவில் வாய் திறக்கக் கூடாது. இங்கிலீஷ், ஜூலு எது வந்தாலும் அப்படியே எழுதுங்கள். விளக்கம் வேண்டுமானால் தனித் தாளில். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி மூலப் பதிவை அழிக்காதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். ஒப்பாரியையும் சாமியாடிச் சொன்ன வாக்கையும், பாடியவரை, சொன்னவரைக் கேட்காமல் ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். பெரிய வெள்ளிக்கு மாரியம்மன் கோவிலில் குடும்பமே கூடுமே, அப்போதாவது அரைமணி நேரம் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சாட்ஸ்வர்த் தம்பியின் பாட்டியைப் போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். டீ கொடுத்தார், கதையும் சொன்னார். கரும்புக்காடு வந்தது, முனீஸ்வரன் வந்தான். டோக்கோலோஷி வரவில்லை. கேட்டதற்கு, "அது நல்லாயில்லன்னு பேராண்டி சொல்லிட்டான்மா" என்றார். செங்கலைப் பற்றியும் பேச்சில்லை. அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.