ஆட்டிசம் உறுதியான பிறகு: கேள்வியைக் குறைத்துக் காத்திருக்கப் பழகுதல்

மூன்று வயதுக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு வரும் பெற்றோர், உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் "மேடம், இவன் எப்பப் பேசுவான்?" என்பதுதான். பேச்சுப் பயிற்சியாளராக இருக்கும் நான் அதற்குத் தேதி சொல்வதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பேன். அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போகிறான் என்பார்கள். அந்த இழுப்பும் ஒரு வகைப் பேச்சே. எங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாரத்தில் இரண்டு, மூன்று மணி நேரமே குழந்தை தெரபி அறையில் இருக்கிறது. விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் குளிப்பதிலும் சாப்பிடுவதிலும் செருப்பு மாட்டுவதிலும் கழிகிறது. ஆகவே பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் பத்து நிமிடம் பார்க்கிறேன். "இது என்ன? என்ன கலர்? சொல்லு, ஆப்பிள் சொல்லு" என்று இடைவிடாத தேர்வுதான் அங்கே நடக்கும், குழந்தையோ முதுகைத் திருப்பிக்கொண்டு காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அது சுழற்றுவதையே பார்த்து, "சுத்துது, சுத்துது" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய்மூடிக் காத்திருக்கச் சொல்வேன். எளிதாகத் தோன்றும் இந்த மௌனமே பெற்றோருக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்து, 2016-இல் வெளியான ஆய்வு இதையொட்டியதே. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே அதில் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பேசியதும், குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முன்வந்ததும் கூடின.

செல்போன் பாட்டு கேட்டு இருபத்தாறு ஆங்கில எழுத்துகளையும் ஒப்பிக்கும் குழந்தை, பசித்தால் சோறு கேட்கத் தெரியாமல் அழுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒப்பித்தல் வேறு, கேட்டுப் பெறுதல் வேறு. பிஸ்கட் டப்பாவை இறுக மூடிக் கையில் கொடுத்துவிட்டு, அது நம்மைப் பார்க்கவோ டப்பாவை நீட்டவோ செய்தவுடன் "திற" என்று சொல்லித் திறந்து, ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்தால், மறுபடியும் கேட்க வேண்டிய தேவை அதற்கு வரும். படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் வாய்ப்பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லும் அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. பாட்டியோடு பேச முடியாத மொழியை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்?

ஆட்டிசம் குணமாகும் என்று நம்பி ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான 2017-இன் தேசிய வழிகாட்டுதல்கள் ஆட்டிசத்துக்கு அதை நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கவில்லை. அந்த அலைச்சலுக்குப் பதிலாக, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு உதவும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருப்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தாத்தாக்கள் தடுப்பதுண்டு. அவர்களையும் ஒருநாள் தெரபி அறைக்கு அழைத்து வரச் சொல்கிறேன், பிஸ்கட் டப்பாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.