கறிவேப்பிலைத் தொட்டியை எங்கே வைக்கலாம்?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓர் அம்மா வாசலில் ஆறு வருடம் வளர்த்த கறிவேப்பிலைச் செடியை ஒருநாள் காலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில். அவருக்கு அது வாசிக்கத் தெரியாது. விசாரிக்கப் போனால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அங்கே போனால் மூன்றாவது. மூன்றாவதில், முதல் இடத்துக்கே போகச் சொன்னார்கள்.

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. அதனால் 2020இல் தேசியப் பூங்காக் கழகம் கேட்ட வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலம் அனுப்பியது. நல்ல காரியம்தான். ஆனால் முளைத்த பிறகு தொட்டியை எங்கே வைப்பது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

வாசலில் தொட்டி வைக்கலாம், ஆனால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். தீ விபத்தில் ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பாளர்கள் வரவும் அந்த வழி தேவை. தாழ்வாரமே அவ்வளவுதான் என்றால் ஒரு துளசிகூட வைக்க முடியாது. தொட்டியின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கிளை எங்கே முடிகிறதோ அங்கிருந்து அளங்கள். முருங்கையும் பண்டானும் மழைக்காலத்தில் எவ்வளவு பரவும் என்று வளர்த்தவருக்குத் தெரியும். அளவு நாடாவை விரித்து வைத்துப் படமெடுங்கள். புகார் வந்தால் அந்தப் படத்தோடு, புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கவுண்டரில் வாயால் சொன்னதை அடுத்த வாரம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இடமில்லை என்று தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேலேயோ சன்னலுக்கு வெளியேயோ ஏற்றாதீர்கள். காற்றில் விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையது. மேலிருந்து பொருள் விழுந்தால் வழக்கு வரும், வீட்டையே இழக்க நேரலாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அடுத்த தொல்லை. டெங்கி கொசு முட்டையிட அதில் தேங்கும் கொஞ்சம் நீர் போதும். சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி புழுவைப் பார்த்துவிட்டால் வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி அபராதம். திரும்பத் திரும்ப மாட்டினால் இன்னும் கூடும். ஊருக்குப் போகிறீர்களா? தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, வீட்டில் இடமே இல்லை என்பவருக்குப் பூங்காவில் பாத்தி வாடகைக்குக் கிடைக்கும். ஹார்ட்பார்க் என்ற பூங்காவில் 2016இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். தொடங்கியபோது வருட வாடகை 57 வெள்ளி. மலிவுதான், கிடைத்தால். விண்ணப்பத்தை இணையத்தில், திறந்திருக்கும் நாள்களுக்குள் போட வேண்டும். ஆள் அதிகமானால் குலுக்கல். ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திதான், ஆகவே கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிடைத்தவர்கள் ஏமாறுவது பிறகுதான். குத்தகை மூன்று வருடம், நீட்டிப்பு கிடையாது. மண்ணைப் பண்படுத்தவே முதல் வருடம் போய்விடும், நல்ல விளைச்சல் கண்டு கொஞ்ச நாளில் ஒப்படைக்க வேண்டும். மரமாகும் எதையும் வைக்காதீர்கள். தண்டுக்கீரை, வெண்டை, மிளகாய் போதும்.

பாத்தி விழாதவர்கள் புளோக் அடியிலுள்ள சமூகத் தோட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு விண்ணப்பத் தாளைத் தேடி அலைய வேண்டாம். அநேகமாக வசிப்போர் குழுவில் யாராவது ஒருவர் கையில் பூட்டுச் சாவி இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், தண்ணீர் ஊற்றும் நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அங்கே இடம் இல்லை என்றால் வெளியே புல்தரையில் யாருக்கும் தெரியாமல் மட்டும் நட்டுவிடாதீர்கள். பிடுங்கிப் போட்டால் கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.