ஃபண்ட் என்றால் நிதியா, நிதியமா?

பலரிடம் திரட்டிய பணத்தை எழுதிவைத்த விதிகளின்படி முதலீடு செய்து, லாப நட்டத்தை அவரவர் வைத்திருக்கும் யூனிட்டுகளுக்கு ஏற்பப் பகிரும் அமைப்புதான் ஃபண்ட்.

இதன் வேர் லத்தீனின் ‘ஃபுண்டஸ்’. அடித்தளம் என்றும் நிலபுலம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் ‘நிதி’ என்கிறோம். வடமொழியில் அது சேர்த்துவைத்த செல்வம்; குபேரனின் சங்கநிதி, பதுமநிதி அந்தப் பொருளில்தான். சிக்கல் என்னவென்றால், ‘முதலீட்டு நிதி’ என்று எழுதினால் கையில் உள்ள பணமா, அதை வாங்கி நடத்தும் அமைப்பா என்று தெரியாது. இலங்கையில் ‘ஊழியர் சேமலாப நிதியம்’ என்பார்கள். தமிழ்நாட்டிலோ ‘வருங்கால வைப்பு நிதி’. அமைப்பைக் குறிக்க ‘நிதியம்’ என்பதே பொருத்தம்.

முதலீடு செய்வோருக்கு வதிவுரிமை தரும் போர்ச்சுகலின் கோல்டன் விசாவில் இந்த வேறுபாடு பணத்தோடு சம்பந்தப்பட்டது. 2012-இல் தொடங்கிய அத்திட்டத்தில் வீடு, மனை வாங்கும் வழியை 2023 அக்டோபரில் வந்த 56/2023 சட்டம் அடைத்துவிட்டது. நிதிய வழி நீடிக்கிறது: குறைந்தது 5 லட்சம் யூரோ. ஆனால் நம்மிடம் நிதி இருந்தால் போதாது, நிதியமும் தகுதி பெற வேண்டும். அதன் முதலீட்டில் 60 விழுக்காடாவது போர்ச்சுகலில் தலைமையகம் கொண்ட வணிக நிறுவனங்களுக்குப் போக வேண்டும். நேரடியாகவோ மறைமுகமாகவோ மனைத்தொழிலில் இறங்கக் கூடாது. (‘ஃபுண்டஸ்’ என்றாலே நிலம், அந்த நிலத்துக்குத்தான் இங்கே தடை!) ஹோட்டல் கட்டிடங்களைக் காட்டி விற்கப்படும் நிதியங்களை அதனால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அதிகம் இடறுவது காலக்கணக்கில். முதலீடு செய்யும் நாளில் நிதியத்துக்கு 5 ஆண்டாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். 8 ஆண்டு நிதியம்தானே என்று, அது தொடங்கி 4 ஆண்டு கழித்துச் சேர்ந்தால் தகுதி இல்லை. குளோஸ்டு எண்ட் (காலம் முடியும்வரை மூடியிருக்கும்) வகையில் நடுவில் பணத்தை எடுப்பது கடினம். ஓப்பன் எண்ட் (திறந்த) வகையில் எடுக்கலாம். ஆனால் விசாவுக்குரிய காலம் முடியுமுன் எடுத்தால் விசாவே போய்விடும்.

அடுத்தது கட்டணம். நுழைவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சரியாக 5,00,000 யூரோ அனுப்பி, கட்டணத்தை அதிலேயே கழித்தால் முதலீடு 4,90,000 ஆகிவிடும், விண்ணப்பம் செல்லாது. கட்டணத்தையும் வங்கிச் செலவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆண்டு மேலாண்மைக் கட்டணமும் 2 விழுக்காடு என்றால், 7 ஆண்டில் ஏறத்தாழ 70,000 யூரோ கரையும். அது எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பது நிதியத்தின் ஒழுங்குவிதியில் இருக்கும். விளம்பரத் தாளில் தேடிப் பயனில்லை.

போர்ச்சுகலின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான சிஎம்விஎம்-இல் நிதியம் பதிவாகியிருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்திலேயே பாருங்கள். அந்தப் பதிவு விசாத் தகுதிக்கான சான்று ஆகாது. 60 விழுக்காடு, 5 ஆண்டு ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றுவதாக மேலாண்மை நிறுவனத்தின் எழுத்துபூர்வ உறுதிமொழியைப் பணம் அனுப்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.