ஆண் மலட்டுத்தன்மை: ஒரு சொல் விளக்கம்

மாதவரத்திலும் செங்குன்றத்திலும் மாடித் தோட்டத்துக்கு விதை வாங்குவோர், பொட்டலத்தின் மேல் ‘வீரிய ஒட்டு’ என்றோ ‘எஃப்1’ என்றோ அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். இரு வேறு வகைச் செடிகளைச் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறை விதை அது. நெல், கம்பு, வெங்காயம், சூரியகாந்தி போன்ற பயிர்களில் அத்தகைய விதையைப் பெருமளவில் விளைவிக்கத் துணைநிற்கும் இயல்பையே ஆண் மலட்டுத்தன்மை என்கிறோம். பூவின் பெண் பகுதி நலமாக இருக்க, மகரந்தம் மட்டும் உருவாகாமலோ உருவாகியும் செயலற்றோ போவது இதன் பொருள்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். ஒரு நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகள் உள்ளன. ஒட்டு விதைக்கு வேறு வகையின் மகரந்தம் வேண்டுமென்பதால், தாய்ச்செடியின் பைகளை நீக்கியாக வேண்டும்; ஆனால் வயல் முழுவதும் அவற்றை இடுக்கியால் கிள்ளி எடுக்க எவராலும் இயலாது. மலட்டுச் செடியின் பைகள் வெளிறி, மெலிந்து காணப்படும். அயோடின் கரைசல் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மாவுப்பொருள் நிறைந்த நல்ல மகரந்தம் உருண்டு கருநிறமாகத் தெரியும். மலட்டு மகரந்தமோ சுருங்கி, நிறமேறாமல் கிடக்கும்.

‘ஸ்டெரைல்’ என்னும் ஆங்கிலச் சொல், பலன் தராதது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் மலடு என்பது கன்று ஈனாத மாட்டையும் காய்க்காத மரத்தையும் விளையாத நிலத்தையும் குறிக்கும். தண்டையார்பேட்டையில் மேல்நிலை வகுப்பில் இப்பாடம் நடத்தியபோது, “காய்க்கிற செடியைப் போய் மலடுன்னு ஏன் சார் சொல்றாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். மிகச் சரியான கேள்வி அது. பக்கத்து வரிசையின் மகரந்தம் வந்து விழுந்தால் இச்செடி மணி பிடிக்கும். அந்த மணிதான் ஒட்டு விதை. ஆகவே ‘பூந்தாது மலடு’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. மகரந்தம் என்ற வடசொல் முதலில் பூந்தேனைக் குறித்தது. வண்டைத் ‘தாதுண் பறவை’ என்ற சங்கப் பாட்டிலோ தாது பூவின் துகளையே சுட்டுகிறது.

இவ்வியல்பு உட்கருவின் மரபணுவால் மட்டும் வருவதும் உண்டு. ஒட்டு விதைத் தொழில் பெரிதும் நம்புவது, உயிரணுவில் உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தில் உள்ள, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பின் மரபணுவால் வருவதை. ஈழத் தமிழ் நூல்கள் இவற்றைக் குழியவுரு, இழைமணி என அழகாகப் பெயர்த்துள்ளன. இழைமணி தாய் வழியாகவே செல்வதால், மலட்டுச் செடியாகிய ஏ கால்வழியை (இயல்பு மாறாமல் தொடரும் செடிக் குலமே கால்வழி), அதே உட்கருவும் வளமான குழியவுருவும் கொண்ட பி கால்வழியுடன் சேர்த்தால் மீண்டும் மலட்டுச் செடிகளே கிடைக்கும். உட்கருவில் மீட்பு மரபணு உள்ள ஆர் கால்வழியுடன் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பூந்தாது வளம் திரும்பி, உழவரின் வயலில் கதிர் மணி பிடிக்கும். வெங்காயத்தில் நாம் உண்பது குமிழை என்பதால் அங்கு மீட்பு மரபணு தேவைப்படுவதில்லை.

அந்த வெங்காயத்தில்தான் 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸில் பயிர்ப்பெருக்க அறிஞர் ஹென்றி ஜோன்ஸ் மலட்டுச் செடி ஒன்றைக் கண்டார். 1970இல் சீனத்தின் ஹைனான் தீவில் கிடைத்த, பூந்தாது மலடான காட்டு நெற்செடி ஒன்றே சீன நெல் அறிஞர் யுவான் லாங்பிங் குழுவினரின் ஒட்டு நெல்லுக்கு வித்திட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் கோ.ஆர்.எச்.1 என்னும் ஒட்டு நெல்லை வெளியிட்டது.

ஆபத்தும் இதில் உண்டு. அமெரிக்க மக்காச்சோளத்தில் மிகப் பெரும்பகுதி, டெக்சாஸ் குழியவுரு என்ற ஒரே வகையைத் தாங்கியிருந்தது. அதன் இழைமணியில் மலட்டுத்தன்மைக்குக் காரணமான புரதமே ஒரு பூஞ்சையின் நஞ்சுக்கும் வழிவிட்டதால், 1970இல் இலைக்கருகல் நோய் பரவி விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. அதன் பின்னர் அங்குள்ள விதை நிறுவனங்கள் பல ஆண்டுகள் கைகளாலும் பொறிகளாலும் ஆண் கதிர்களை நீக்கியே ஒட்டு விதை எடுத்தன.