டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பது?

எங்கள் மனநலக் குழுவுக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே வேண்டுகோள்தான். "மேடம், எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போய் எங்கேயாவது சேர்த்துடுங்க." மகனைப் பற்றிப் பேசும் அப்பாவும் இதைத்தான் சொல்கிறார். வாசலில் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசும் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். அண்மையில் அப்படி ஒரு அழைப்பு வந்து போய்ப் பார்த்தால், அந்த மனிதர் ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர், அதுவும் பலமுறை. சட்டைப் பையில் நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தாலும் மாத்திரைகளின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து வரவும் என்று எழுதியிருந்தது. யாரைப் பார்க்க வருவது, அந்த இரண்டு வாரமும் எங்கே படுப்பது என்பதற்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. உடன் வந்தவர் பெயர் என்ற இடத்தில் வெறும் ஒரு கோடு.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். எங்கள் குழுவில் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் இருக்கிறார்கள். மனநோயைக் கடந்து வந்து இப்போது மற்றவர்களுக்குத் துணையாக நிற்கும் ஒருவரும் இருக்கிறார். இளைஞர்களையும், அவர்கள் குடும்பங்களையும், தெருவில் வாழ்பவர்களையும் பார்க்கிறோம். இது மூன்று தனித்தனி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தெருவில் நான் சந்திக்கும் நாற்பது வயதுக்காரரிடம் உட்கார்ந்து கேட்டால், கல்லூரி நாளில் தூக்கம் கெட்ட கதை வரும். வீட்டில் சண்டை வந்த கதை வரும். ஒருமுறை சேர்த்தார்கள், வந்தேன், மாத்திரையை நிறுத்தினேன் என்பது வரும். அதன் பிறகு யாரும் வரவில்லை என்பதும் வரும்.

முதலில் இந்தச் 'சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையைப் பேசிவிடுகிறேன். மருத்துவமனையில் சேர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறார், நாள் கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தனக்கு மட்டும் கேட்கும் குரல்கள் சொல்வதைக் கேட்டு ஆபத்தான காரியம் செய்யப் போகிறார் என்றால் சேர்க்கத்தான் வேண்டும். அங்கே பாதுகாப்பு கிடைக்கும், மருந்து தொடங்கும், சில வாரத்தில் கொந்தளிப்பு அடங்கும். அவ்வளவுதான். அடங்கியது கொந்தளிப்பு, நோய் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வார்டில் மணி அடித்தாற்போல் ஒருவர் மாத்திரை கொடுப்பார், நேரத்துக்கு விளக்கை அணைப்பார், சாப்பாடு வரும். வாடகை கேட்பவர் கிடையாது, "எப்ப வேலைக்குப் போவே" என்று கேட்பவரும் கிடையாது. வெளியே கால் வைக்கும் நாளில் இந்தத் தாங்கல் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. சுற்றியிருப்பவர்களோ, "நல்லாத்தானே வந்திருக்கான், இனி அவன் பாடு" என்று கையைக் கழுவிவிடுகிறார்கள்.

மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். இது எங்கள் துறையில் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். அதனால்தான் நல்ல சேவைகளில், வெளியே வந்த 7 நாளுக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். போனில் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு "நல்லா இருக்கேன்" என்ற பதிலைக் குறித்துக்கொள்வது நேரில் பார்ப்பது ஆகாது. சக பணியாளர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

இந்த இடைவெளியை அடைக்க முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 1990களில் நியூயார்க்கில் வீடற்ற ஆண்கள் தங்கும் ஒரு பெரிய காப்பகத்தில் ஒரு முறையை வகுத்தார்கள். காப்பகத்தை விட்டு வெளியே போகும் மனிதரோடு ஒரே பணியாளர் 9 மாதம் கூடவே போவார். முதல் 3 மாதம் நெருக்கமாக, அடுத்த 3 மாதம் கொஞ்சம் தள்ளி நின்று, கடைசி 3 மாதம் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு. வீடு, மருந்து, உறவினர், பணம், அந்தந்தப் பகுதி மருத்துவர் என்று ஒவ்வொன்றையும் அவரோடு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் விலகுவார். 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் ஒன்றரை ஆண்டில் சராசரியாக 91 இரவுகள் வீடின்றிக் கழித்தார்கள். இந்தத் துணை கிடைத்தவர்களுக்கு அது 30 இரவுகள். புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சரியான நேரத்தில் ஒரு ஆள் கூட இருந்தார்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1971இல் அங்கிருந்த பெரிய மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, அதைப் படிப்படியாகக் கலைத்து, நகரத்துக்குள்ளேயே மனநல மையங்களைத் திறந்தார். 1978இல் மனநல மருத்துவமனைகளை மூடுவதற்கு அந்த நாடு சட்டமே கொண்டுவந்தது. அந்த மையங்களில் சில படுக்கைகள் இருக்கும், இரவும் பகலும் திறந்திருக்கும். 'சேர்ப்பது' என்றால் பூட்டிய கேட்டுக்குப் பின்னால்தான் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, தெருவில் இருப்பவர்களைப் பற்றி. "முதல்ல குடியை விடட்டும், மாத்திரை போடட்டும், அப்புறம் ரூம் கொடுக்கலாம்" என்று அதிகாரிகள் கூட்டத்தில் சொல்லும்போது எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. மாத்திரையை எங்கே வைப்பார்? நனையாத ஓர் இடம் வேண்டாமா? பையைத் தலைக்கு வைத்து, திருடு போகுமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பவருக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை கொடுத்தால் அவர் அதைத் துப்பத்தான் செய்வார். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் வீடு, நிபந்தனை இல்லாமல். சிகிச்சை கூடவே வரும். கனடாவில் 5 நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வீடு கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வீடு கிடைத்ததால் மட்டும் நோயின் அறிகுறிகள் மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. வீடு மருந்து இல்லை, அது மருந்து வேலை செய்வதற்கான இடம். இரண்டும் வேண்டும்.

நாங்கள் எப்படித் தொடங்குகிறோம் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் "நீங்க வந்து சும்மா பேசிட்டுப் போறீங்களே" என்ற புகார் அடிக்கடி வருகிறது. ஒரு அம்மாவின் காலில் ஆறாத புண். எங்கள் செவிலியர் கட்டுப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பார். "தொடலாமாம்மா?" சில நாள் வேண்டாம் என்பார், செவிலியர் பஞ்சையும் மருந்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார். வாரக்கணக்கில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, ராத்திரியில் தன்னைத் திட்டும் குரலைப் பற்றிச் சொன்னார். இதைத்தான் 'சும்மா பேசுவது' என்கிறீர்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அடுத்த முறை எங்களைப் பார்த்தாலே ஓடியிருப்பார்.

இப்போது பெற்றோருக்கு. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் சேவைகளோ 18 வயதில் குழந்தைகள் பிரிவை முடித்து வெளியே அனுப்பிவிடுகின்றன. பெரியவர்கள் பிரிவில் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். நோய் உச்சத்துக்கு வரும் வயதில் கையை விடுகிறோம்.

இரவு பகல் மாறித் தூங்குகிறான், நண்பர்களை விட்டு விலகுகிறான், குளிப்பதில்லை, நன்றாகப் படித்தவன் புத்தகத்தைத் தொடுவதில்லை, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாக நினைக்கிறான். இவற்றில் ஒன்று இரண்டு எந்த வயதுப் பிள்ளைக்கும் வரும். எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் 'வயசுக் கோளாறு', 'போன்தான் கெடுத்தது' என்று தள்ளிப்போடாதீர்கள். நிஜம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் என்ற நிலைக்குச் சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ, மீண்டு வருவது அவ்வளவு கடினமாகிறது.

குடும்பம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் உள்ளவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று நம்பும் மனிதரின் தட்டில் நீங்கள் எதையோ கலக்கிறீர்கள். ஒரு நாள் தெரியும். அன்றிலிருந்து அவர் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும். வீட்டுச் சாப்பாடு நிற்கும், அப்புறம் வீட்டுக்கு வருவதே நிற்கும். மாத்திரை ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். உடல் பருமன், கை நடுக்கம், பகலெல்லாம் மயக்கம், தாம்பத்தியச் சிக்கல் என்று உண்மையான காரணங்கள் இருக்கும். மருத்துவர் அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், பல வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

வீட்டுப் பேச்சும் முக்கியம். ஜார்ஜ் பிரௌன் என்ற லண்டன் ஆய்வாளர் 1950களில் மருத்துவமனையை விட்டு வெளியே போனவர்களைத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், வாடகை அறையில் தங்கியவர்களைவிட அதிகமாக மீண்டும் நோய்வாய்ப்பட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சு முட்டும் அளவுக்கான அக்கறை ஆகியவை மறுபடி நோய் தலைதூக்குவதோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. உடனே 'எங்களால்தான் வந்தது' என்று அழாதீர்கள். நோய்க்குக் காரணம் நீங்கள் இல்லை. குடும்பத்தை உட்காரவைத்து நோயை விளக்கி, பேசும் முறையைப் பழக்கினால் மறுபடி நோய்வாய்ப்படுவது குறைகிறது, அதுவும் நிரூபணமானதே. அவர் சொல்லும் குரல்கள் பொய் என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்றும் தலையாட்ட வேண்டாம். "உனக்குக் கேட்கிறது, அது பயமா இருக்கும்னு புரியுது" என்பது போதும். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மாத்திரைகள், பூச்சிமருந்து எதுவும் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அம்மாவே எல்லாவற்றையும் சுமக்கும் வீடுகளில் அடுத்து விழுவது அம்மாதான். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

தெருவில் யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் தயவுசெய்து வீடியோ எடுக்காதீர்கள். கல் எறியும் பிள்ளைகளைத் தடுங்கள். மனநோய் உள்ளவர்களால் ஆபத்து என்று பயப்படுகிறீர்கள். அடி வாங்குபவர்களாகத்தான் நான் அவர்களை அதிகம் பார்க்கிறேன்.

கடைசியாக, உங்கள் வீட்டு ஆளை அழைத்து வரப் போகும்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து பார்க்கப்போவது யார், என்று, எங்கே என்று கேளுங்கள். பெயரும் எண்ணும் எழுதி வாங்குங்கள். அதுவரைக்குமான மாத்திரை கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இரவில் நிலைமை மோசமானால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழாதீர்கள், எழுந்தால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேறொரு இடத்திலிருந்து போன் வருகிறது.